என் ரத்தத்தில் நிற்கும் வாட்ச்மேன்

மாதா கோயில் படியில் கால் கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான். விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என் மனைவி லூர்து முழங்கையைப் பிடித்துவிட்டாள். பூசை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், யாரும் கவனிக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே நடந்து குருசுக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்திருக்கும்போது வலது காலை நீட்ட முடியவில்லை. இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில், உள்ளே யாரோ ஈர மூட்டையை வைத்துக் கட்டியது மாதிரி ஒரு கனம்.

"இன்னாங்க, கால மடக்கியே வெச்சிருக்கீங்க?"

"நீட்டினா வலிக்குது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. துண்டு, சோப்பு, டம்ளர், ஜெபமாலை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். என் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளே ஓடினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இருப்பது ரத்தம் உறையாத வியாதி. ஹீமோபிலியா என்கிறார்கள். ரத்தம் உறைய வேண்டுமென்றால் அதில் இருக்கும் பல பொருட்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமாம். மில்லில் ஒரு டிபார்ட்மெண்டில் ஆள் வரவில்லை என்றால் அடுத்த டிபார்ட்மெண்டில் மிஷின் சும்மா நிற்குமே, அந்த மாதிரி. எனக்கு ஒன்பதாவது ஆள் வருவதில்லை. ஃபாக்டர் ஒன்பது என்று அதற்குப் பெயர். ஈரல்தான் அதைச் செய்து அனுப்ப வேண்டும். என் ஈரலுக்குச் செய்யத் தெரியாது. பிறக்கும்போதே அப்படி.

இது தெரியாமலே நான் வளர்ந்தேன். மீசை அரும்பும் வயதில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியை ஒப்பித்தால் என்றுதான் சொல்வார், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம். அந்த ஒப்பித்தாலில் பிடுங்கிய பல்லுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சு வைப்பார்கள், ஊறிவிடும். எடுத்துவிட்டு இன்னொன்று வைப்பார்கள். காலையில் எழுந்தால் தலையணை உறை கன்னத்தோடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தெடுப்பாள். அந்த உறையை அவள் துவைத்துக் கொடியில் போடும்போது பக்கத்து வீட்டில் யாரோ பிரசவமா என்று கேட்டார்கள். எனக்கு இன்றைக்கும் வெள்ளைத் தலையணை உறை ஆகாது. எங்கள் வீட்டில் எல்லாம் பூப்போட்டதுதான்.

மில்லில் முதலில் நூல் பிரிவில் இருந்தேன். முட்டி வீங்கி வீங்கி நிற்க முடியாமல் போன பிறகு, மேஸ்திரி இரக்கப்பட்டு கேட்டுக்கு மாற்றினார். சங்கு ஊதியதும் வெளியே போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தித் தடவிப் பார்ப்பது என் வேலை. இடுப்பில் துணி சுற்றியிருக்கிறார்களா, தூக்குவாளியில் நூல்கண்டு இருக்கிறதா என்று கை சொல்லிவிடும். கண்ணே வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால் போகலாம் என்று சொல்லி அனுப்புவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் டாக்டரம்மா சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தக் கேட்டுதான் உதவியது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வரை ஸ்ட்ரெச்சரில் வராந்தாவில் கிடந்தேன். மேலே மின்விசிறி ஒன்று சுற்றாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடுவார்கள் என்று லூர்து கதவருகே நின்றாள். உட்கார் என்றால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் நம் பெயரைக் கூப்பிடுவது காதில் விழாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். இடுப்புக்குள் இருக்கும் தசையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அறுப்பு இல்லை. ஃபாக்டர் ஊசி போட்டு, காலை மடக்கியபடியே படுத்துக் கிடக்க வேண்டும். கட்டின ரத்தம் தானாகக் கரைய வேண்டும்.

படுத்துக் கிடப்பதில் இருக்கும் களைப்பு வேலை செய்வதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தில் ஒரே கிளை தெரிந்தது. காலையில் ஊசி, ரத்தம் எடுப்பது, கஞ்சி. மத்தியானம் லூர்து கொண்டுவரும் சோறு. சாயங்காலம் ஜெபம். பக்கத்துக் கட்டிலில் ஒரு முசே இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரையில் கால் புண். வார்டில் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிட்டார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். சர்க்கரைக்காரருக்கு அவர் தம்பி தோட்டத்துச் சீத்தாப்பழம் கூடை கூடையாக அனுப்புவான். தொடக்கூடாது என்று சிஸ்டர் திட்டுவார். அவர் தொடாமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"சவரி, நீராவது துன்னும். நான் பாக்கறன்."

"நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்கு எப்பிடிங்க எறங்கும் முசே?"

இந்த நாட்களில்தான் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சின்ன வயசுப் பெண். எங்கள் மகள் ஸ்டெல்லாவும் அவள் மகன் அருளும் அன்றைக்கு வந்திருந்தார்கள். அருளுக்கும் என் வியாதிதான். என் அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து ஸ்டெல்லா வழியாக அவனுக்கு. பெண்கள் சுமப்பார்கள், ஆண்கள் படுவோம். அவனுக்குக் கல்யாண வயது. நோணாங்குப்பம் படகுத் துறையில் பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை. அந்த வேலைக்குப் போவதற்கே அம்மாவோடு பெரிய சண்டை போட்டவன்.

"இதுக்குப் புதுசா ஒரு வைத்தியம் சோதனை பண்றாங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு தடவ டிரிப் ஏத்தறது. ஈரலுக்கே ஃபாக்டர் செய்யக் கத்துக்குடுக்கற மாதிரி. நல்லபடியா வேலை செஞ்சா அப்புறம் இந்த ஊசிங்க தேவைப்படாம போகலாம். நிச்சயம்னு சொல்லமாட்டேன்."

"யாருக்கு டாக்டர்?" என்றாள் ஸ்டெல்லா.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஐயாவுக்கு ஈரல் நல்லா இருக்குது. வயசு தடை இல்ல. ஆனா அதுல ஒரு முக்கியமான டெஸ்ட் இருக்குது. அது சரியா வந்தாத்தான்."

அதற்குள் அவருக்கு ஃபோன் வந்து எழுந்து ஓடினார். அந்த முக்கியமான டெஸ்ட் எப்படி வந்தால் சரி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு என்று இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரத்தம் எடுத்துக்கொண்டு போன பிறகு மனசு சும்மா இருக்கவில்லை. கடற்கரைச் சாலையில் தடி இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பது மாதிரி நினைத்துப் பார்த்தேன். பிறகு, கிழவனுக்கு இது எதற்கு, அருளுக்குக் கிடைத்தால் போதும் என்று மாற்றிக்கொள்வேன். மாற்றிக்கொண்ட சற்று நேரத்தில் மறுபடியும் நடந்துகொண்டிருப்பேன்.

முடிவு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாவின் ஃபோனுக்கு வந்தது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறவள், இங்கிலீஷ் படிப்பாள். டாக்டரம்மா திங்கட்கிழமைதான் வருவார். ஸ்டெல்லா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"ப்பா, உனுக்கு ஆன்டிபாடி நிறைய இருக்குதாம். ரொம்ப அதிகம்னு போட்டிருக்குது."

"அப்படின்னா?"

"எதிர்ப்பு சக்திப்பா. கொரோனா சமயத்துல ஊசி போட்டுக்கினு இது வந்துச்சா வந்துச்சான்னு பாத்தோமே, அதுதான்."

"அருளுக்கு?"

அவள் ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்லன்னு போட்டிருக்குது."

லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்காகச் சந்தோஷமா, பேரனுக்காகத் துக்கமா. ஸ்டெல்லா வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்குப் படுத்த இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லூர்து காலையிலேயே கேசரி கிளறி டப்பாவில் கொண்டுவந்தாள். வார்டு முழுக்கக் கொடுத்தாள். துப்புரவு பண்ணும் அம்மாவுக்கு, சிஸ்டருக்கு, எதிர்க் கட்டில் பையனின் அப்பாவுக்கு. முசே சர்க்கரையை மறந்து ஒரு விரல் அளவு நக்கிப் பார்த்தார்.

"பட்டாளத்துக்காரன் நானு. என் உடம்புல சண்டை போட ஆளு இல்ல. உம்ம ரத்தத்துல ஒரு ரெஜிமெண்டே இருக்குது போல சவரி."

ஸ்டெல்லா கேசரியைத் தொடவில்லை. "எப்பிடிம்மா உனுக்குக் கிளறத் தோணுது?" என்று தன் அம்மாவைக் கேட்டாள். "ஆண்டு அனுபவிக்க வேண்டியவனுக்கு இல்ல. அது ஒரு பக்கம் கெடக்குது, நீ முந்திரிப்பருப்பு வறுத்துப் போட்டுக்கினு வர்ற."

"உங்கப்பனுக்கு ஒண்ணு நல்லது நடந்தா நான் சந்தோஷப்படக் கூடாதாடி?"

"படு. நல்லா படு."

நான் கையில் இருந்த கேசரியைக் கீழே வைத்தேன். அருள் ஒன்றும் நடக்காதவன் மாதிரி என் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"யம்மா, என் ரத்தத்த எடுத்து இவனுக்கு ஏத்துங்களேன். என்கிட்டதான் நிறைய இருக்குதாமே. பாதி போதும் எனக்கு."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒரே ஓட்டை தாத்தா. எதுவா இருந்தாலும் நாளைக்கு டாக்டர் வந்து சொல்வாங்க."

"தாத்தா" என்றான் அருள். "தீபாவளிக்கு உன் பங்கு முறுக்க என் தட்டுல தள்ளுவியே, அந்த மாதிரி பண்றியா?"

"வாய மூடுடா."

"எனக்குக் கெடைக்கலன்னா இன்னா? இத்தினி நாளு இல்லாமத்தான இருந்தேன். நீ போயி ஏத்திக்கினு வா. அப்புறம் ரெண்டு பேரும் பாரடைஸ் பீச்சுக்குப் போவலாம். டிக்கெட் நான் குடுக்கறேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஸ்டெல்லா அன்று சாயங்காலம் நிலவேம்புக் கஷாயம் போட்டு பிளாஸ்கில் கொண்டுவந்து அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். எதிர்ப்பு சக்தி வரட்டும், மறுபடியும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம் என்று. அவனும் முகம் சுளிக்காமல் குடித்தான்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். லூர்து அவருக்கு என்று எடுத்துவைத்திருந்த கேசரியை நீட்டினாள்.

"எதுக்கும்மா இது?"

"இவருக்கு சக்தி இருக்குதுன்னு வந்துச்சே."

டாக்டரம்மா டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். "இந்த டெஸ்ட்டுல ஆன்டிபாடி இருக்கக் கூடாது. இருந்தா அந்த மருந்து உள்ள போகவே போகாது. ஐயாவுக்கு இதுல முடியாது. அருளுக்குத்தான் முடியும்."

ஸ்டெல்லா ஃபோனை எடுத்து முடிவை மறுபடியும் படித்தாள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஈரலுக்கு ஒரு மரபணுவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மரபணு என்பது, இந்தப் பொருளை இப்படிச் செய் என்று எழுதிக் கொடுத்த செய்முறை மாதிரி. அதைச் சும்மா ரத்தத்தில் விட்டால் வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் ஒரு வைரஸைத் தூக்குவாளியாக வைத்துக்கொள்கிறார்கள். அது மனுஷனுக்கு வியாதி எதுவும் உண்டாக்காத சாதுவான வைரஸ். அதன் உள்ளே இருக்கும் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து மூடிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது அதன் ஓடு மட்டும்.

டாக்டரம்மா முசேயின் கூடையிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்தார்.

"இந்த ஓடு இப்படித்தான் இருக்கும்னு வெச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு. அறுபது துண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரு உருண்டை. மேல மேடும் பள்ளமுமா இருக்கும். ஆன்டிபாடின்னா உங்க ரத்தத்துல சுத்தற காவல்காரங்க. எப்பவோ ஒரு தடவ இந்த வைரஸ் உங்க உடம்புக்குள்ள வந்துட்டுப் போயிருக்குது. அப்பலருந்து இந்த மேடுங்க அவங்களுக்குப் பழக்கம். இப்ப நாங்க உள்ள மருந்து வெச்சு அனுப்பினாலும் அவங்களுக்கு அது தெரியாது. மேல தடவிப் பார்ப்பாங்க. மேடு தெரிஞ்சதும் ஒட்டிக்கிட்டு, ஈரலுக்குப் போக விடாம பண்ணிடுவாங்க."

நான் பழத்தை வாங்கித் தடவிப் பார்த்தேன். கேட்டில் நான் செய்த வேலைதான். ஒருத்தன் தூக்குவாளியில் தன் குழந்தைக்கு மருந்து கொண்டுபோனாலும், வாளியின் உருவம் சரியில்லை என்றால் நான் நிறுத்தியிருப்பேன்.

"மேட்ட மாத்தி வேற மாதிரி ஓடு செஞ்சுட்டா இன்னாம்மா? எங்க ஆளுக்கு அடையாளம் தெரியாதுல்ல?"

"செஞ்சு பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க ஐயா. ஆனா ஈரலும் அந்த ஓடு மேல தொட்டுப் பார்த்துத்தான் கதவைத் திறக்குது. காவல்காரன் பிடிக்கற இடமும் ஈரல் பிடிக்கற இடமும் பக்கத்துப் பக்கத்துல இருக்குது. ஒண்ணை ஏமாத்தப் போயி இன்னொண்ணுக்கும் அடையாளம் தெரியாமப் போயிடலாம்."

"காவல்காரனக் கொஞ்ச நாளு லீவுல அனுப்ப முடியாதா?"

"அதுக்கும் வழி தேடறாங்க. இந்தச் சோதனையில இல்ல."

சரி என்றேன். சீத்தாப்பழத்தை முசேயின் கூடையில் திரும்ப வைத்தேன். ஒரு நாள், ஒன்றரை நாள் அந்த நம்பிக்கை என்னிடம் இருந்தது. கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். போகட்டும்.

ஸ்டெல்லா அருளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்ததும் அவள் முகம் சட்டென்று அடங்கிவிட்டது. சந்தோஷப்பட்டால் எனக்கு வலிக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"கேசரி மிச்சம் இருந்தா இப்ப துன்னுடி" என்றேன்.

இந்த வைரஸ் எனக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சின்ன வயதில் சாதாரணச் சளியோடு சேர்ந்து வந்து போயிருக்கலாம், நிறையப் பேருக்கு அப்படி இருக்கும் என்றார். எனக்கு ஆச்சரியமில்லை. ஒரே பாயில் ஏழு பிள்ளைகள் படுத்தோம். ஒருத்தனுக்கு மூக்கு ஒழுகினால் எல்லோருக்கும் ஒழுகும். ஒரே துண்டில் துடைத்துக்கொள்வோம்.

அருள் வளர்ந்தது வேறு மாதிரி. மருமகன் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூரிலேயே இருப்பவர். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லா தனியாக அவனை வளர்த்தாள். எங்கே விழுவானோ, எங்கே இடிப்பானோ என்று வாசலைத் தாண்ட விடமாட்டாள். பால்வாடி கிடையாது. பள்ளிக்கூடம் சேர்த்ததே தாமதம். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்கோர் சொல்வான். அவர்களுக்கு ஸ்கோர் சொல்ல ஒரு ஆள் கிடைத்தான், அவ்வளவுதான். பெரியவனான பிறகு அதற்காக அவளிடம் அவன் பேசாமல் இருந்த மாதங்கள் உண்டு.

அதைச் சொன்னதும் டாக்டரம்மா யோசித்தார். "அதனாலதான்னு நிச்சயமா சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளயே இருந்தவங்களுக்கும் வந்திருக்குது. ஆனா அதனாலயும் இருக்கலாம்."

அருள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"யம்மா, நீ என்னைப் பூட்டி வெச்சதுக்கு இப்பத்தான்மா ஒரு பிரயோசனம் தெரியுது."

அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பலமாகத்தான் வைத்தாள். பிறகு, ஐயோ, வீங்கப்போகுது என்று அவளே சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

டிரிப் ஏற்றும் நாள் வரை அவனை மறுபடியும் பூட்டினாள். இந்த முறை அவன் சண்டை போடவில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் இன்னொரு தடவை ரத்தம் பார்ப்பார்கள், அதற்குள் எங்கேயாவது ஒரு சளி பிடித்து அந்த வைரஸும் கூட வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று அவளுக்குப் பயம். படகுத் துறைக்கு லீவு. கோயிலுக்குப் போகக் கூடாது. யாராவது தும்மினால் முறைப்பாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து தடி ஊன்றி வீட்டுக்கு வந்த பிறகு அவனைப் பார்க்கப் போனேன். ஸ்டெல்லா எனக்கு வாசல் பக்கம் நாற்காலி போட்டாள். அவனை உள் அறைக் கதவருகே உட்கார வைத்தாள்.

"ஏன்டி, என் ஆன்டிபாடி காத்துல பறந்து அவன் மேல ஒட்டுமா? ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"தெரியும்ப்பா. நீ அங்கயே இரு."

நான் அங்கேயே இருந்தேன். டாக்டரம்மா சொன்னது எனக்கும் தெரியும். இருந்தாலும் நாற்காலியை நானே இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அருள் அங்கிருந்து, "தாத்தா, ஸ்கோர் இன்னா?" என்று கத்தினான்.

மருந்து ஏற்றியதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சின்னப் பை ஒன்று. உள்ளே இளநீர் மாதிரி தெளிவாக ஏதோ. இதற்குள் கோடி கோடியாகத் தூக்குவாளிகள் இருக்கின்றன என்றார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. லூர்து ஜெபமாலையை ஆரம்பித்து முடிப்பதற்குள் பாதி போயிருந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரம்மா கையெழுத்துக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இது ஒரு தடவைதான். இதைப் பார்த்ததும் அருளின் ரத்தமும் மேடுகளைப் பழகிக்கொள்ளும். அவனுக்கும் காவல்காரர்கள் வந்துவிடுவார்கள். பலிக்கவில்லை என்றால் இதே மருந்தை இன்னொரு முறை கொடுக்க முடியாது.

"அப்போ இதுக்கு மேல நானும் உன்ன மாதிரிதான் தாத்தா" என்றான், டிரிப் இறங்கும் கையை ஆட்டாமல்.

பிறகு வாரா வாரம் ரத்தம் கொடுப்பது, காத்திருப்பது. ஃபாக்டர் மெல்ல ஏறியது. எல்லோரும் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில் ஈரல் டெஸ்ட் சரியில்லாமல் வந்தது. ஈரலுக்குள் போன ஓடுகளின் துண்டுகளை உடம்பின் இன்னொரு படை பார்த்துவிட்டு, அந்த ஈரல் செல்களையே தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. படையை அடக்க மாத்திரை கொடுத்தார். ஸ்டீராய்டு. அருளின் முகம் பன் மாதிரி உப்பியது. தூக்கம் இல்லை, எரிந்து விழுந்தான். ஃபாக்டர் இறங்கியது. ஸ்டெல்லா சாப்பிடவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதுவும் கடைசியில் அடங்கியது. இறங்கின ஃபாக்டர் ஒரு இடத்தில் நின்றது. முழுசாக இல்லை, ஆனால் போதும், இது இப்படியே நிற்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

காகிதத்தில் வந்த ஃபாக்டர் கணக்கை நான் நம்பவில்லை. எனக்கு வந்த முடிவையும்தான் ஒன்றரை நாள் நம்பினேனே.

அருளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிப் பல வருஷம் ஆகிறது. பிடுங்கப் பயந்து கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தான். போன வாரம் டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, அங்கேயே பல் டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டான். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நான் தூங்க மாட்டேன் என்று லூர்துக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நான் என் வாரத்து ஃபாக்டர் ஊசிக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காவல்காரர்கள் என்னோடு இருக்கிறார்கள், என் ஊசியும் அப்படியே இருக்கிறது. வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டெல்லா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் போட்டாள். தலையணை உறை. வெள்ளை. புதுசாக வாங்கியிருக்கிறாள், மடிப்புக்கோடு இன்னும் போகவில்லை. நடுவில் தலை அழுந்தின சுருக்கம்.

"நேத்து பல்லு புடுங்கினான்ப்பா. இதுலதான் படுத்தான்" என்றாள்.

நான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மில் கேட்டில் பார்ப்பது மாதிரி ஒரு பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். திருப்பி மறுபக்கம் பார்த்தேன். உள்ளே கையை விட்டு வெளியே புரட்டி, தையல் ஓரமெல்லாம் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. போகலாம் என்று மடித்து அவள் கையில் கொடுத்தேன்.